திறக்காத புகைக்கதவு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ வரைந்த கொதிகலன் எங்கள் கண்ணாடி உலைக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடம் புகைபோக்கி வழியே வீணாய்ப் போன சூடு இப்போது தண்ணீரை நீராவியாக்கி டர்பைனைச் சுழற்றுகிறது. பாதித் தொழிற்சாலைக்கு அந்த மின்சாரம்தான். "உன் தம்பி புகையில விளக்கு ஏத்திட்டானேப்பா" என்றார் பம்புக்காரர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு குறை. புகையைக் கொதிகலனுக்கு விடாமல் புகைபோக்கிக்குத் திருப்பும் கதவு, சூடேறியதும் இறுகிக்கொள்கிறது. இரண்டு முறை கவனித்தேன். ஒரு நடை வந்து பார்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் கதவை இங்கே நூறு தடவை திறந்து மூடிப் பார்த்துத்தான் அனுப்பினோம். புது இயந்திரம் என்றாலே உங்களுக்குச் சந்தேகம். இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஜூனில் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். செவ்வாயன்று டர்பைன் திடீரென நின்றது. நீராவி போக வழியில்லை, கொதிகலன் வெடித்துவிடும் போலிருந்தது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. மேலே ஏறிக் கைச்சக்கரத்தைத் திருப்பித் திறந்துவிட்டேன். இடுக்கில் பீறிட்ட சூட்டில் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

"யாரைக் கேட்டு மேல ஏறினே?" என்கிறார் மேலாளர். விசாரணைக்கு உன் அறிக்கை வர வேண்டுமாம். உள்ளதை எழுது.

அண்ணன்

மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

அறிக்கை அனுப்பிவிட்டேன். வடிவமைப்பில் குறையில்லை, உத்தரவின்றிக் கையால் இயக்கியதே காரணம் என்று எழுதினேன். இந்த நிறுவனத்தில் இருந்துகொண்டு வேறு மாதிரி எழுத முடியாது. உங்கள் வேலைக்கு ஆபத்து வராமல் மேலாளரிடம் பேசியிருக்கிறேன். கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. நானே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். நீ சொன்னபடி வேலை போகவில்லை. உலையிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் உங்கள் நிறுவனத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். அந்தக் கதவைக் கழற்றி, கதவு சுழலும் அச்சு சூட்டில் விரிய இடம் விட்டு வேறொன்று மாட்டிப் போனார்கள். வந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டது நான்தான்.

"குறையே இல்லன்னா எதுக்கு மாத்துறாங்க?" என்று உன் அண்ணி கேட்டாள்.

மின்சாரம் நன்றாக வருகிறது. இனி உலையைப் பற்றி ஏதும் தெரிய வேண்டுமானால் அலுவலகத்துக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

அண்ணன்