மேற்குப் பார்த்த பள்ளிக்கூடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் சொல்வதைக் கேட்டு ஓய்வாக இருக்கிறாயா, இல்லை வழக்கம்போல் சாரத்தில் ஏறி நின்று கொத்தனாரோடு மல்லுக்கட்டுகிறாயா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்கும் போனுக்கும் ஒத்து வராது. இரண்டாவது நிமிஷம் நான் குறுக்கே பேசுவேன், மூன்றாவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பழைய பள்ளிக்கூடங்களை வெயில் தாங்கும்படி, மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி மாற்றியமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு விழுந்த முதல் கட்டிடம் நீ வரைந்த பள்ளிக்கூடம். ஆமாம், அதேதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் உனக்குப் பரிசு வாங்கிக்கொடுத்தது. வேறு ஆள் தலையில் கட்டப் பார்த்தேன். மேலதிகாரி, "சொந்த அக்கா வரைஞ்சதுன்னா இன்னும் வசதிதானேப்பா, படம் கேட்டா உடனே கிடைக்கும்" என்று சொல்லிவிட்டார்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். சாலையிலிருந்து பார்த்தால் இன்னும் கம்பீரமாகத்தான் நிற்கிறது. உள்ளே போனதும் மனசு கஷ்டமாகிவிட்டது. மேற்குப் பக்கம் முழுக்க நீ வைத்த கண்ணாடி மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், பன்னிரண்டு வகுப்பறையிலும். மதியத்துக்கு மேல் வெயிலில் உட்கார முடியவில்லையாம். காகிதம் ஒட்டியதும் அறை இருட்டாகிவிட்டது. அதனால் மணி அடித்ததிலிருந்து பள்ளி விடும்வரை ட்யூப்லைட் எரிகிறது. வெளிச்சத்துக்காகக் கண்ணாடி, கண்ணாடிக்காகக் காகிதம், காகிதத்துக்காக ட்யூப்லைட்! இது போதாதென்று நிர்வாகம் எல்லா அறைக்கும் ஏசி கேட்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி நான் அறிக்கை கொடுக்க வேண்டும். கண்ணாடியை எடுக்கச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் வந்து பாரேன்.

அன்புடன்,
உன் தம்பி


மார்ச் 9

அடேய் வாலு,

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் தலைவலியும் சேர்ந்துகொண்டது.

பென்சில் சீவ உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ என் கண்ணாடியில் கை வைக்கக் கிளம்பிவிட்டாய். நன்றாக இரு.

அந்த மனைக்குச் சாலை மேற்கே இருக்கிறது. கட்டச் சொன்னவர்களுக்குப் பள்ளிக்கூடம் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று ஆசை. எனக்கும்தான் ஆசை, பொய் சொல்வானேன். ஆனால் மேற்கு வெயில் சுடும் என்று தெரியாமல் வரைகிற அளவுக்கு உன் அக்கா முட்டாள் இல்லை. அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துதான் வைத்தேன். படங்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கண்ணைத் திறந்து பார்.

யார் வீட்டுக்குப் போனாலும் "அந்தக் கண்ணாடிப் பள்ளிக்கூடம் கட்டினவங்க இவங்கதான்" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டால் அப்புறம் அது என் கட்டிடமே இல்லை. எடுப்பது நீயாக இருந்தால் எனக்கு ஆறவே ஆறாது. நான் அங்கே வரமாட்டேன், கூப்பிடாதே.

கோபத்துடன்,
அக்கா

அத்தான் உன்னை விசாரித்தார். என் எதிரிலேயே உனக்குப் பரிந்து பேசுகிறார். இரண்டு பேரும் ஒரே கட்சி.


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

திட்டியாவது எழுதினாயே, சந்தோஷம். படங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன.

அவற்றைப் பிரிப்பதற்கு முன்னால் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். பன்னிரண்டு அறையிலும் தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். மதியம் இரண்டரைக்கு எல்லா அறையிலும் முப்பத்தெட்டு. ஏழாம் அறையில் மட்டும் முப்பத்தைந்து! அதே கண்ணாடி, அதே காகிதம், அதே மின்விசிறி. கருவிதான் பழுது என்று நினைத்து அடுத்த அறைக் கருவியை மாற்றி மாட்டினேன். மறுநாளும் முப்பத்தைந்துதான்.

அந்த அறை கணக்கு டீச்சருடையது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கேட்டேன். அவர் கதவுக்கு மேலே கூரையை ஒட்டி இருக்கிற குட்டி ஜன்னல்களைக் காட்டினார்.

"ஒட்டடை அடிக்கறப்போ குச்சி பட்டு ஒண்ணு திறந்துக்கிச்சு சார். மூட மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்தா ரூம் ஜில்லுன்னு இருக்கு. அன்னையிலேர்ந்து சாயங்காலம் திறந்துட்டுப் போவேன், காலையில வந்ததும் மூடிடுவேன்."

மற்ற அறைகளில் புறா நுழைகிறது என்று அந்த ஜன்னல்களுக்கு ஆணியே அடித்துவிட்டார்களாம். இவர் மட்டும் வலை கட்டிக்கொண்டார்.

ஓடி வந்து உன் படத்தைப் பிரித்தேன். ஓரத்தில் எறும்பு எழுத்தில் எழுதியிருக்கிறாய்: "மேல் ஜன்னல்கள்: மாலையில் திறக்கவும், காலையில் மூடவும்." பகல் சூடெல்லாம் ராத்திரி வெளியே போய்ச் சுவர் குளிர்ந்துவிடும். என்ன அழகான யோசனை அக்கா! பெருமையாக இருந்தது. ஆனால் இந்தப் படம் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் இல்லை. நீ யாரிடமாவது வாயால் சொன்னாயா?

உன் தம்பி


மார்ச் 19

தம்பி,

சொல்லவில்லை.

ஜன்னல் வைத்தால் திறக்கத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். அது கூடப் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது, அத்தானுக்கும் தெரியாது. பள்ளி திறந்த முதல் கோடையில் ஒரு டீச்சர் எனக்குக் கடிதம் எழுதினார். மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பரிசு அறிவித்த அதே வாரம். வீடு முழுக்க வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள். எனக்குச் சுருக்கென்றது. குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் போடாமல் விட்டுவிட்டேன்.

படத்தின் ஓரத்தில் எழுதியதை அப்படியே ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தால் போதும். நாள் ஆக ஆக வெட்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

அந்தக் கணக்கு டீச்சர்தானா எழுதியது என்று கேட்டுப் பார். வேண்டாம், கேட்காதே.

அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்கா,

கேட்காதே என்றாய். உன் பேச்சை நான் எப்போது கேட்டேன்? அவரேதான்.

கோபமெல்லாம் இல்லை. "ஆமா சார், போட்டேன், பதில் வரல. வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும், பாவம்" என்றார். அந்தப் "பாவம்" என்ற வார்த்தையைக் கேட்டு நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எல்லா அறையிலும் ஆணியைப் பிடுங்கி, வலை கட்டி, நாலு நாளாக மேல் ஜன்னல்களைத் திறந்து மூடுகிறோம். பன்னிரண்டு அறையிலும் மூன்று டிகிரி குறைந்துவிட்டது. உன் யோசனை ஜெயித்துவிட்டது. ஆனால் முப்பத்தைந்தும் சூடுதானே அக்கா. மேற்கு வெயில் உள்ளே வருவதை நிறுத்தினால்தான் ஏசி வேண்டாம் என்று அவர்களை ஒத்துக்கொள்ள வைக்க முடியும். அதற்குக் கண்ணாடி போயாக வேண்டும். இதை மழுப்பி எழுதினால் நாளைக்கு நீயே என்னை மதிக்கமாட்டாய்.

அறிக்கையைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் நீ என்னோடு பேசாமல் இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. அதையும் எழுதிவிட்டேன்.

உன் தம்பி


மார்ச் 28

அன்புள்ள வாலு,

நேற்றுப் போனேன். உன்னிடம் சொன்னால் டேப்பும் கையுமாக வந்து நிற்பாய் என்றுதான் சொல்லவில்லை.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கு மூன்றாம் அறைக்குள் நுழைந்தேன். வரலாற்று வகுப்பு. கண்ணாடி ஓரம் ஒரு பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. அங்கே காகிதம் கிழிந்து வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. உட்காரப் போனேன். பக்கத்தில் இருந்த பெண், "ஆன்ட்டி, அங்க உக்காராதீங்க. அது வெயில் பெஞ்சு. லேட்டா வர்றவங்கதான் அங்க உக்காரணும்" என்றாள்.

"நானும் லேட்டாத்தான்மா வந்திருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம். பாதியிலேயே முதுகெல்லாம் நனைந்துவிட்டது. எந்த ராஜா எந்த ராஜாவோடு சண்டை போட்டான் என்று ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. பதினெட்டு வருஷமாக எத்தனை பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்து என்ன பாடம் கேட்டிருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. வேர்வை என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் ஏழாம் அறைக்குப் போய், நான் யார் என்று சொல்லி டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பள்ளி விட்டதும் ஒட்டடைக் குச்சியை என் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீங்க திறங்க" என்றார். என் ஜன்னலை நானே திறந்தது நேற்றுத்தான் முதல் தடவை. மூன்று தரம் முயன்றும் தாழ்ப்பாள் அசையவில்லை. வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். தாழ்ப்பாளை ஒரு ஜாண் கீழே வைத்திருக்க வேண்டும், நான் உயரமாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். அதையும் உன் அறிக்கையில் சேர்த்துக்கொள்.

கண்ணாடியை எடுத்துவிடு. இடுப்பு உயரம்வரை சுவர், அதற்கு மேலே திறக்கிற ஜன்னல், வெளியே வெயில் மறைக்கும் பலகைகள். ராத்திரியெல்லாம் உட்காராமல், காலையில் தெளிவான தலையோடு வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக வரைந்தேன். உன் சின்னப் புத்திக்கு இதில் ஏதாவது தப்புத் தெரிந்தால் திருத்து. நேற்றுத் திரும்பும்போது அந்தச் சாலை வழியாகவே வந்தேன், சுற்றவில்லை.

அறிக்கையில் "எடுக்கலாம் என்று கருதுகிறோம்" என்றெல்லாம் இழுக்காதே. வரைந்தவளே எடுக்கச் சொல்கிறாள் என்று எழுது. கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே எனக்கும் ஓர் இடம் விடு. மேலே வேண்டாம், கீழேயே விடு. அதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரியாதே.

அன்புடன்,
அக்கா