உங்கள் இருவருக்கும் நடுவே இருந்த நாற்காலி

என் அன்புக் கோபக்கார அப்பாவுக்கு,

நேற்று அம்மா சால்ட் லேக் வீட்டிலிருந்து போன் செய்தாள். தன் கதையெல்லாம் கொட்டிவிட்டு, "சரி, வச்சிடறேன், சீரியல் ஆரம்பிச்சிடுச்சு" என்று வைத்தேவிட்டாள். தில்லியில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

தொண்ணூறுகளில் நம் வீடு எப்படி இருந்தது! "உங்கப்பாகிட்ட சொல்லு, காப்பி ஆறுது." "உங்கம்மாவைக் கேளு, என் கண்ணாடி எங்கேன்னு." சாப்பாட்டு மேஜையில் உங்கள் இருவருக்கும் நடுவில் நான். அம்மாவின் சூடான வார்த்தையை ஊதி ஆற்றி உங்களிடம் கொடுப்பேன். நீங்கள் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு அம்மாவிடம் சேர்ப்பேன். எதற்காகப் பேச்சு நின்றது என்பது உங்களுக்காவது நினைவிருந்ததா?

ஜாதவ்பூரில் படிப்பு முடிந்ததும் எனக்குத் தில்லியில் வேலை கிடைத்தது. கூடவே வயிற்றுவலியும் வந்தது. எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாமல் போகவே, டாக்டர் நம் மூவரையும் ஒரு குடும்ப ஆலோசகரிடம் அனுப்பினார். "குடும்பத்தோட பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாரா?" என்று டாக்ஸி முழுக்க முணுமுணுத்தீர்கள், அதுவும் என்னைப் பார்த்து.

அந்த வங்காளி அம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். நான் போய்விட்டால் வீட்டில் என்ன ஆகும்? இவர்கள் இருவரும் பேச்சில்லாமலே செத்துப்போவார்கள் என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் பேசியதை நான்தான் வங்காளியில் சொன்னேன், வழக்கம்போல் ஆற்றித்தான். அம்மா மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளியதை நான் நாலு வார்த்தையில் முடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? என் நாற்காலியைச் சுவரோரம் போடச் சொல்லிவிட்டார். இனி நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, தெரிந்த வங்காளியில் பேச வேண்டும்.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் வங்காளி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தோமார் ராக் கூப் பேஷி. ஏக்டு கொம் கொரோ." உங்கள் கோபம் ரொம்ப அதிகம், கொஞ்சம் குறையுங்கள்! நீங்கள் காய்க்காரரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, "கொம் ஹோபே நா" என்றீர்கள். குறையாதாம்! அம்மா சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வர. நீங்களும் சிரித்தீர்கள். நான் சுவரோரம் விசும்பிக்கொண்டிருந்ததை யாருமே கவனிக்கவில்லை.

எல்லாம் அன்றே மாறிவிடவில்லை. வாராவாரம் போனோம். வீட்டில் யாராவது "அவர்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தால் நான் தட்டோடு பால்கனிக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குளிர்காலத்தில் பாதிச் சாப்பாட்டைக் காக்கைகளோடுதான் சாப்பிட்டேன். உள்ளே நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள், நேருக்கு நேர், நல்ல தமிழில். பிறகு உப்பைப் பற்றிப் பேச்சு, பூரி கோயிலுக்குப் போவதைப் பற்றிப் பேச்சு. என் வயிற்றுவலி எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

நான் ரயிலேறிய அன்று, பெட்டியைப் பூட்டியது யார் என்று நீங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் வாதாடிக்கொண்டிருந்ததில் எனக்குக் கையசைக்கவே மறந்துவிட்டீர்கள். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போனேன்.

இந்தக் கடிதத்தில் உன் பங்குக்கு ஏதாவது எழுதட்டுமா என்று இன்று நானே போன் செய்து அம்மாவைக் கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான்தான் தினமும் படத்துக்கு முன்னாடி நின்னு அவர்கிட்டயே பேசறேனே. பதில் சொல்லாமலே ஜெயிச்சிடறார்!" என்றாள்.

ஆகவே இதில் இருப்பது முழுக்க என் பேச்சுதான், அப்பா. உங்கள் பேத்தியை எனக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒருநாளும் உட்கார வைக்க மாட்டேன். இது சத்தியம்.

யாருக்கும் தூது போகாத,
உங்கள் மகள்
சுமதி