குஞ்சுக்கு வைத்த புளியோதரை

வெள்ளிக்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள்.

மூன்று கோழிக்குஞ்சுகள் செத்துப்போய்விட்டன. இன்னும் இரண்டு, கழுத்து தொங்கிக் கிடக்கின்றன.

குஞ்சுத் தீவனம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. டவுனுக்குப் போய் வாங்கி வரச் சொன்னேன். வீட்டுக்காரரோ கிரிவலப் பாதையில் அன்னதானம் போட்ட இடத்தில் மீந்த புளியோதரையை ஒரு வாளி தூக்கி வந்தார்.

"இவ்ளோ உப்பும் எண்ணெயும் குஞ்சுக்கு ஆவாதுங்க" என்றேன்.

"சாமி சோறுடி. அது என்னா பண்ணும்?" என்று அவரே வாரி இறைத்தார்.

சாமி பெயரைச் சொன்னதும் நான் தடுக்கவில்லை. பெரிய கோழி தின்றால் தாங்கும். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு எப்படித் தாங்கும்?

சாயங்காலம் செத்தவற்றைப் புதைத்துவிட்டு உள்ளே வந்தேன். வாளியில் பாதி அப்படியே இருந்தது. சாமி சோற்றைக் கொட்டவும் அவருக்கு மனசில்லை, மறுபடி கோழிக்கு வைக்கவும் பயம். நான் போட்டு வைத்த சுடுசோற்றைத் தொடாமல், ஊசிப்போகத் தொடங்கிய அதையே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு விக்கல் எடுத்தபோது மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.