மஞ்சள் குடை

ஜூலை 14, செவ்வாய். மாட்டுங்கா.

என் சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் வந்துவிட்டது. வரைந்தவள் செம்பூர் நிகிதா. அட்டை முழுக்க மழைச் சாம்பல். கீழ் ஓரத்தில், ரயில் ஜன்னல் கம்பியில் ஒரே ஒரு மஞ்சள் குடை தொங்குகிறது. ஆள் இல்லை. ஒரு கதையின் பத்துப் பக்கத்தில் நான் சொல்லத் திணறியதை ஒரு குடையில் சொல்லிவிட்டாள். பாராட்டலாம் என்று போன் செய்தேன்.

"தாங்க்ஸ் அங்கிள். எனக்குத் தமிழ் படிக்க வராது. ஆன்ட்டிதான் கதையைப் படிச்சுச் சொன்னாங்க. மஞ்சள் கலரும் அவங்க ஐடியாதான்."

ஆன்ட்டி என்றால் என் மனைவி சரோஜா.

கதையில் குடைக்கு நான் நிறமே எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நிஜத்தில் அது மஞ்சள்தான். அந்தக் குடைக்காரியைச் சரோஜா பார்த்ததே இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

தற்செயலாக இருக்கலாம். சாம்பல் நிறத்துக்கு மஞ்சள் எடுப்பு என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சரோஜாவுக்கு மஞ்சளே பிடிக்காது. ஒரு புடவைகூடக் கிடையாது.

சாப்பிடும்போது அட்டையைக் காட்டினேன். மோர் ஊற்றிக்கொண்டே பார்த்தாள்.

"நன்னா இருக்கு. ஆனா அதுக்கு மரக் கைப்பிடின்னா இருந்தது? இவ கறுப்பா போட்டுட்டாளே."