படுக்க வைத்த அன்பு

அத்தை,

இன்று காலை யோங் பெங்கிலிருந்து ஒரு பாட்டியை எங்கள் எலும்பு முறிவு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். திரையை விலக்குவதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. அழுகும் சதையின் மேல் ரோஜாப் பவுடர். புரட்டிப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, அதன் விளிம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு. "நல்லாத்தான் பாத்துக்கிட்டோம் சிஸ்டர், அசையவே விடல," என்றாள் மகள். பெருமையாகத்தான் சொன்னாள்.

உங்களை நினைக்க எனக்கு நல்ல வாசம் எதுவும் மிஞ்சவில்லை.

நீங்கள் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து கூலாயில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். எலும்புக்குள் வைத்த உலோகத் தண்டு உங்களைத் தாங்கும், படுக்கைதான் தாங்காது என்று எனக்குத் தெரியும். வயதானவர்களின் தொடைச் சதை படுத்த படுக்கையில் எவ்வளவு சீக்கிரம் கரையும், நெஞ்சில் சளி எப்படித் தேங்கும் என்று தினமும் பார்க்கிறவள் நான். வலி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, இடுப்பில் பட்டியைக் கட்டி, வாக்கரை முன்னால் வைத்து உங்களை எழுப்பினேன். காலையிலும் மாலையிலும்.

உங்கள் வாய் நீங்கள் முன்பு வாழ்ந்த செடெனாக் தோட்டத்திலேயே பேர் போனது.

"ஏண்டி, ஆஸ்பத்திரில சம்பளம் வாங்கிக்கிட்டு சித்ரவதை பண்ற. இங்க ஓசியிலயே பண்றியா?"

"வீட்டு ஆளுக்கு ஃப்ரீ, அத்தை. இடது கால முன்னால வைங்க."

"ஒரு பிள்ள பெத்திருந்தா வலின்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும்."

அதற்கும் இடது கால் என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துப் பெண்கள் ஆரஞ்சும் மைலோ டின்னும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நம் ஆட்களுக்கு நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த உங்களை, "படுங்கக்கா, படுங்க," என்று நாலு கைகள் சேர்ந்து சாய்த்தன. அவரவர் வேண்டுதலைச் சொல்லி மன்றாடும் நேரம் வந்தபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "என் மருமகளோட கல்லு நெஞ்சு இளகணும்," என்றீர்கள். எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற நானும் சேர்ந்து சொன்னேன். பழக்கதோஷம்.

அவர்கள் போனதும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்து, "டீயில சீனி பத்தல," என்றீர்கள். யாரும் பிடிக்காமல் நீங்கள் நடந்த முதல் நடை அது. என்னைக் குறை சொல்லும் அவசரத்தில் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் சீனி டப்பாவைத் திறந்தேன். நடந்ததைச் சொல்லிக்காட்டியிருந்தால் அங்கேயே நின்றிருப்பீர்கள்.

அந்த மன்றாட்டு சிகாமட்டில் இருந்த உங்கள் மகள் ராணி காதுக்கும் எட்டியது. மறுநாளே காரோடு வந்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க வீட்டையும் வார்டாக்கிட்டீங்க லா. அம்மா பாவம். நான் மடியில வெச்சுப் பாத்துக்குறேன்."

"நடக்க ஆரம்பிச்சிட்டாங்க, ராணி. இப்ப நிறுத்தினா அப்புறம் வராது."

"அழ வெச்சித்தான் நடக்க வைக்கணுமா?"

உங்கள் மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் கண்ணாடியை இறக்கி நீங்கள் சொன்னீர்கள்: "செத்தாலும் இனிமே உன் கையில படமாட்டேன்." நான் வாக்கரை மடித்துக் காரின் பின்பக்கம் வைத்தேன். சிகாமட்டில் அது துண்டு காயப்போட உதவியது.

ராணி கெட்டவள் இல்லை. கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தாள், கால் மடங்கியபடியே இறுகிப்போனது. புண் வந்த இடத்தில் பவுடர் போட்டாள். உங்களை உண்மையாகவே நேசித்தாள், அதிலேயே நீங்கள் செத்தீர்கள். அடக்கத்தன்று, "கால் தரையில படாம பாத்துக்கிட்டா," என்று பெண்கள் அவளைப் புகழ்ந்தார்கள். பெட்டிக்குள்ளும் நீளாமல் தூக்கிக்கொண்டிருந்த உங்கள் முழங்கால்கள் தெரியாமல் நான் வெள்ளைத் துணியை இழுத்துவிட்டேன்.

உங்களைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அதற்கு முந்தைய வாரம், ஒரு மதியம். ராணி அடுப்படியில் இருந்தாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"என்னை நிக்க வை."

"முடியாது அத்தை. முட்டி நீளாது."

"உனக்குத்தான் இரக்கமே கிடையாதே. நிக்க வை."

அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கனமே இல்லை. மடங்கிய கால்கள் தொங்கின, விரல் நுனிகள் மட்டும் தரையில் உரசின. நீங்கள் போட்ட சத்தத்தில் ராணி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"விடுங்க அண்ணி. அம்மாவக் கொன்னுடாதீங்க."

உங்கள் வாய் என் காதோரம் இருந்தது. "விடாத," என்றீர்கள். அவளுக்குக் கேட்கவில்லை.

இன்றுவரை அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் உடைந்துபோவாள், ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அதற்காக இல்லை. இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் ஆசையாகக் கேட்டது அந்த ஒன்றைத்தான், அத்தை. அதை அவளோடு பங்கு போட எனக்கு மனமில்லை.