பூதம் கதவைத் திறந்த விதம்

1984 ஆவணி, ஞாயிறு இரவு. மடத்துவெளி.

பெரியண்ணை லண்டனிலிருந்து அனுப்பிய புத்தகத்தை வைத்து நாங்கள் மூவர் விளையாடும் கற்பனை விளையாட்டில் நான்தான் கதைசொல்லி. இன்று கோட்டைக் கதவில் ஒரு பூதத்தைக் காவல் நிறுத்தினேன். தங்கச்சியின் வாள்வீரன் அதனிடம் இரண்டு முறை தோற்றான். பிறகு வாசுகி வந்தாள். தெற்கில் கடை வைத்திருந்த மாமாவின் மகள். அவளுக்குப் பாணன் வேடம். பாணன் பாடி மனதை மயக்கலாம். மந்திரம் பலிக்குமா என்பதை இருபது முகத் தாயக்கட்டை சொல்லும்.

அவள் கட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு பூதத்திடம், அதாவது என்னிடம், கேட்டாள்.

“அண்ணை, நீங்கள் வீட்டை போய் எவ்வளவு காலம்?”

பூதத்துக்கு நான் வீடே எழுதி வைக்கவில்லை. ஆனாலும், “மூண்டு வருசம்,” என்றேன்.

“அம்மா இருக்கிறாவோ?”

“ஓம்.”

“கடிதம் வாறதோ?”

“உள்ளுக்குப் போங்கோ,” என்று கதவைத் திறந்துவிட்டேன்.

“மந்திரம் பலிச்சிட்டுது!” என்று தங்கச்சி கைதட்டினாள்.

“நான் இன்னும் போடேல்லை.” வாசுகி கையை விரித்தாள். கட்டை அப்படியே இருந்தது.

விதிகள் முழுவதும் எனக்குப் பாடம். இது எந்தப் பக்கத்திலும் இல்லை.

“எங்கை பழகினனீர்?” என்று கேட்டேன்.

“போன வருசக் கலவரத்திலை எங்கடை கடை வாசலிலை ஒருத்தன் பொல்லுத்தடியோடை நிண்டவன். அவனிட்டையும் இதைத்தான் சிங்களத்திலை கேட்டனான். விலகி வழி விட்டவன்.”

அன்றைக்கு அவள் கையில் உருட்டுவதற்குக் கட்டைகூட இருக்கவில்லை.