காற்றுக்குள் நின்ற கிரேன்

அன்பு மகள் நக்லாவுக்கு, சாதாத் நகரிலிருந்து அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அம்மாவும் தம்பி ஹைதமும் உயிரோடு நலமாக இருக்கிறோம், இதை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. தூரதேசத்து மால்மோவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். தம்பி உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்றான், ஆனால் வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

இங்கே பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு இரும்பு ஷெட் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை தூண்களுக்கு மேலே குறுக்கு பீமைக் கிரேன் தூக்கிப் பிடித்திருந்தது, ஹைதம் மேலே ஏறி ஒரு முனையில் போல்ட் போட்டுவிட்டு மறுமுனைக்குப் போயிருந்தான். அப்போதுதான் பாலைவனத்திலிருந்து கம்சீன் புழுதிக் காற்று வந்தது. மேற்கே வானம் மஞ்சளானதைப் பார்த்தோம், அடுத்த நிமிடம் மணல் கண்ணை அடைத்துவிட்டது. பீம் ஆடத் தொடங்கியது. கொக்கியை விட்டால் பீமோடு உன் தம்பியும் கீழே வருவான், விடாவிட்டால் கிரேனே சாயும். அதன் ஒரு பக்கத்துக் கால் தரையை விட்டு எழும்புவதை நானே பார்த்தேன் மகளே. கேபினில் இருந்தது யார் தெரியுமா, சப்ரி. உன்னோடு நடந்த நிச்சயம் முறிந்த பிறகு என்னை மாமா என்று கூப்பிடுவதை விட்டு மேஸ்திரி என்று மட்டுமே கூப்பிடுகிற அதே சப்ரி. எல்லோரும் "குதிச்சிடுடா, கிரேன் கவிழப் போகுது!" என்று கத்தினார்கள். அவன் கேபின் கண்ணாடியை இறக்கி, "வாய மூடுங்கடா, மேல இருக்கறவன் சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, அவன அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க, நான் எங்கயும் போகல" என்றான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஹைதம் பீமின்மேல் குப்புறப் படுத்தபடி, கையால் துழாவி ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினான். இறுக்கி முடித்துத் தூண் வழியாக அவன் தரைக்கு வந்த பிறகுதான் சப்ரி கொக்கியைத் தளர்த்தினான். கேபினை விட்டு இறங்கியதும் கிரேன் சக்கரத்தின் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

அன்று அவனை விடாப்பிடியாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன் அம்மா அவன் நெற்றியில் முத்தமிட்டு ஓவென்று அழுதாள். அவனோ, "விடுங்க அத்தை, உங்க பொண்ணு என்னை வேணாம்னு சொன்னப்பகூட நீங்க இவ்வளவு அழலியே" என்றான். அழுகையோடு எல்லோரும் சிரித்துவிட்டோம். முலூகியாக் கீரைக் குழம்பும் சோறும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

காற்று அடங்கிவிட்டது, நாளை அடுத்த பீம் ஏறுகிறது. ஹைதம் போவேன் என்கிறான், அம்மா கூடாது என்கிறாள், நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. சப்ரிக்கு ஈத் முடிந்து கல்யாணம், பெண் தன்தா ஊர்க்காரி. அவனுக்கு ஒரு போன் போடு. அன்று நீ எடுத்த முடிவைப் பற்றி நான் பேச வரவில்லை, நீயும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. தம்பிக்காக நன்றி என்று ஒரு வார்த்தை சொல், போதும். அவன் அந்தக் கேபினில் உட்கார்ந்திருந்தது உனக்காக அல்ல.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உன் கையில் பரக்கத்தும் நிறைவும் தரட்டும்.

உன் அப்பா,
ஷௌகி